வலையமைப்பு வாணிபம்: மெய்யும் போலியும் அறியுமாறு

பண்டமொன்றை ஆக்குவோன் அதனை இடையீடின்றி நுகர்வோன் கையிற் சேர்ப்பிக்க விரும்புதல் புதுமையன்று. கடைக்காரருக்கும் விளம்பரத்துக்கும் செல்லும் பணத்தை வீடுவீடாகச் சென்று விற்பாருக்கே கொடுத்துவிடலாம் என்னும் எண்ணத்திற் பிறந்ததே இன்று வலையமைப்பு வாணிபமென வழங்குவது. இம்முறையிற் சேர்ந்தவர் தாம் விற்ற பொருளுக்குத் தரகு பெறுவதுடன், தாம் சேர்த்துவிட்ட பிறர் விற்ற பொருளுக்கும் ஒரு பங்கு பெறுவர். இவ்வளவில் இதனை வஞ்சகமென்று கூறுதற்கில்லை. ஆயின், இதே வேடம் பூண்டு உலாவும் மற்றொன்றுமுண்டு. அதனைப் பிரமிட் திட்டமென்பர். இரண்டும் ஒரே மண்டபத்தில், ஒரே மொழியில், ஒரே புன்னகையோடு பேசப்படுவனவாதலின் அவற்றை வேறுபடுத்தியறிதல் எளிதன்று.

உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் இளைஞரும், நியமனத்துக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளும் இத்தகைய கூட்டங்களுக்கு அழைக்கப்படுதலைக் காண்கின்றோம். அழைப்பவர் அயலாரல்லர், உடன் படித்தவர், மாமன் மகன், சிலவேளை கற்பித்த ஆசிரியர். ஆதலின் இழப்பு பணத்தோடு நில்லாது உறவையுந் தாக்குகின்றது. "இதிற் சேரலாமா, சேர்?" எனப் பழைய மாணவர் வினவுமிடத்து, "கவனமாயிரும்" எனக் கூறி அனுப்பிவிடுதல் விடையாகாது. எதனைக் கவனிப்பது என்பதன்றோ அவர் கேட்டது.

இவ்வினா நீதிமுறையாக ஆராயப்பட்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே கொஸ்கொற் என்னும் அழகுசாதனக் கம்பனி பற்றி 1975 இல் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு அளித்த தீர்ப்பு இன்றும் அளவுகோலாக எடுத்தாளப்படுகின்றது. ஒருவர் பணம் செலுத்தி இரண்டு உரிமைகளைப் பெறுகின்றார்: ஒன்று, பொருளை விற்கும் உரிமை, மற்றது, வேறொருவரைச் சேர்த்தற்காக வெகுமதி பெறும் உரிமை. அவ்வெகுமதி இறுதி நுகர்வோருக்குப் பொருள் விற்பதோடு தொடர்பற்றதாயின் அத்திட்டம் பிரமிட் ஆகும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

நான்கு ஆண்டுகளின் பின், 1979 இல், அம்வே என்னும் கம்பனி இதே ஆணைக்குழுவின் முன் நின்றது. அது பிரமிட் அன்று என ஆணைக்குழு முடிவு செய்தது. காரணம் யாதெனின், அக்கம்பனியில் மூன்று விதிகளிருந்தன. வாங்கிய சரக்கில் 70 வீதமாவது ஒவ்வொரு மாதமும் விற்கப்பட்டிருத்தல் வேண்டும். மாதந்தோறும் வெவ்வேறான 10 வாடிக்கையாளருக்கேனும் விற்றிருத்தல் வேண்டும். விலகுவோரிடம் எஞ்சிய சரக்கைத் திரும்ப எடுத்தல் வேண்டும். சரக்கை வீட்டறையிற் குவித்து வைத்துக்கொண்டு தரகு மாத்திரம் வாங்குதலை இவ்விதிகள் தடுத்தன. அம்வே முற்றிலும் நற்சான்று பெற்றதென்று கருதவேண்டா. விலையைக் கட்டுப்படுத்தியமைக்காகவும், வருவாயை மிகைப்படுத்திக் கூறியமைக்காகவும் அதே தீர்ப்பில் அது கண்டிக்கப்பட்டது. கூட்டங்களில் தீர்ப்பின் முற்பாதியை மாத்திரம் எடுத்துரைப்பார் பிற்பாதியைச் சொல்வதில்லை.

2016 இல் ஹேர்பலைஃப் கம்பனி அவ்வாணைக்குழுவோடு செய்துகொண்ட உடன்பாடு இன்னுந் தெளிவானது. அக்கம்பனி 20 கோடி டொலர் செலுத்த இணங்கியது. பங்காளருக்கு வழங்கும் வெகுமதியில் மூன்றிலிரண்டு பங்காவது, மெய்ப்பித்துக் காட்டப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்தே வரவேண்டுமென்றும் விதிக்கப்பட்டது.

இவையனைத்தும் சுட்டுவது ஒரே வினாவை: பணம் எங்கிருந்து வருகின்றது? அமைப்புக்கு வெளியே நிற்பவர் பொருளை விரும்பி வாங்கித் தந்த பணமா, அன்றிப் புதிதாய் நுழைந்தவர் நுழைவுக்கெனத் தந்த பணமா?

இரண்டாவதாயின் விளைவு என்னவென்பதைக் கணக்கே காட்டும். ஒருவர் ஐவரைச் சேர்க்க, அவ்வைவரும் தனித்தனி ஐவரைச் சேர்க்க, இவ்வாறே செல்லின் பதினோராம் படிக்கு 4 கோடியே 88 இலட்சம் பேர் வேண்டும். 2024 இன் குடிசனமதிப்பீட்டின்படி இலங்கையிலுள்ளோர் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேரே. இக்கணக்கைப் பலருங் கூறுவர். எனினும், எமது கருத்தில் இது வலிமை குன்றிய வாதம். "நாம் முன்பே சேர்ந்துவிட்டோம்; நாடு நிறைவதற்கு இன்னுங் காலமுண்டு" என அதற்கு மறுமொழி கூறிவிடலாம். உண்மையான குறை வேறோரிடத்திலுள்ளது. நான்காம் படியோடு நிறுத்திப் பாருங்கள். உச்சியிலுள்ளவர் உட்பட மொத்தம் 781 பேர். அவருள் 625 பேருக்குக் கீழே ஒருவருமில்லை. அஃதாவது 80 வீதத்தினர். எத்தனை படி கூடினும் இவ்வீதம் மாறுவதில்லை. இவ்விருவராகச் சேர்க்கும் "இடக்கை வலக்கை" முறையிலும் அரைவாசிக்கு மேற்பட்டோர் அடியிலேயே நிற்பர். நாடு நிறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்கிய முதன் மாதத்திலும் ஐவரில் நால்வர் கொடுத்தவரே. அவர்களுள் ஒருவர் உயர்ந்தாராயின், ஐந்து புதியவர் அவருக்குக் கீழே வந்துவிட்டனர் என்பதே பொருள். தோற்றவரை "முயற்சி போதாது" எனக் கடிந்துகொள்ளும் பேச்சாளர் வகுத்தலையும் பெருக்கலையும் மறந்தவராவர், அல்லது நன்கறிந்தவராவர்.

பொருளொன்று இருத்தலே நேர்மைக்குச் சான்றென்று எண்ணுவாருமுளர். அது போதாது. சத்துமாவோ சவர்க்காரமோ மேசைமேல் இருக்கலாம். அங்கத்துவம் பெறாத அயல்வீட்டுக்காரர் அப்பொருளை அவ்விலைக்கு வாங்குவாரா என்பதே கேட்கவேண்டியது. சந்தையில் அதனையொத்த பொருளின் விலை மூன்றிலொரு பங்காயின், மிகுதி இரண்டு பங்கும் நுழைவுக் கட்டணமென்றே கொள்ளத்தகும்.

இனி, எமது நாட்டுச் சட்டத்தை நோக்குவாம். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்திற் பின்னர் சேர்க்கப்பட்ட 83இ பிரிவு இத்தகைய திட்டங்களைத் தடைசெய்கின்றது. பங்குபற்றுவோர் பணமோ பணப்பெறுமதியோ செலுத்த வேண்டியிருந்து, அவர் பெறும் நன்மை பெருமளவுக்குப் பங்குபற்றுவோர் தொகை கூடுதலிலோ அவர்தம் செலுத்துகை கூடுதலிலோ தங்கியிருப்பின் அது தடைசெய்யப்பட்ட திட்டமாகும். இங்கே மாணவர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. திட்டத்தைத் தொடங்கியவரையன்றி, அதனை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஊக்குவிப்பவரையும் விளம்பரஞ் செய்பவரையும் சட்டம் பிடிக்கும். தன் பணத்தை மீட்கும் பொருட்டு இரு நண்பரை அழைத்துச் சென்ற இளைஞர், ஏமாற்றப்பட்டவராயிருந்தும், சிறைத்தண்டனைக்குரிய குற்றத்துக்கு உட்படக்கூடும். உத்தியோகத்தை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்கு இது சிறிய விடயமன்று.

"எமது கம்பனி அரசாங்கத்திற் பதியப்பட்டது" எனச் சான்றிதழொன்றைச் சட்டமிட்டுக் காட்டுவதுண்டு. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ்ப் பெறும் பதிவு, அப்பெயரில் ஒரு கம்பனி உண்டென்பதை மாத்திரமே உணர்த்தும். அதன் வருவாய்த் திட்டத்தை எவரும் ஆராய்ந்து ஒப்பினர் என்பது அதனாற் பெறப்படாது. தடைசெய்யப்பட்ட திட்டங்களை நடத்தியனவாகக் கண்ட நிறுவனங்களின் பெயர்களை இலங்கை மத்திய வங்கி வெளியிடுவதுண்டு. அப்பட்டியலை முதலிற் பார்த்தல் நன்று; ஆயினும், நேற்றுத் தொடங்கிய திட்டம் அதில் இராது.

ஆகவே கூட்டத்துக்குச் செல்லும் மாணவர் ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டுக்குக் கொண்டுசென்று வாசிக்கக் கேட்கட்டும். விற்காத சரக்கைத் திரும்ப எடுப்பதாக அதில் எழுதியிருக்கின்றதா, எவரையுஞ் சேர்க்காமற் பொருளை மாத்திரம் விற்று வாழ்பவர் ஒருவரையேனும் காட்டமுடியுமா என வினவட்டும். "இன்றிரவே கையொப்பமிட்டாற்றான் இடமுண்டு" என்பது மறுமொழியாயின், எழுந்து வந்துவிடலாம்.