ஓர் அங்குல வீரனும் 12 முழ ஈட்டியும்

அலெக்சாந்தரின் மாசிடோனியப் படையை ஓர் அங்குலப் பொம்மைகளாகச் சேர்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் எதிரிப் படைக்கு முன்னால் நிறுத்தி, அளவுகோலும் தாயக்கட்டையும் வைத்து விளையாடுகிறார்கள். வார்கேம் என்று பெயர். வளர்ந்தவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் உண்டு. ஏட்டில் படிக்கும்போது நழுவிப்போகிற சிக்கலில் பொம்மை செய்கிறவனின் கை போய் இடிக்கிறது, அதற்காகத்தான். அந்தக் காலாட்படையின் ஈட்டி சரிசா. நீளமான சரிசா 12 முழம், அதாவது 18 அடி என்று தெரிகிறது, கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸின் தாவர நூலிலிருந்து. 28 மில்லிமீட்டர் பொம்மைக்கு, ஏறக்குறைய 1/56 அளவில், அது 98 மில்லிமீட்டர். ஈயக் கலவையில் வார்த்த ஈட்டி தொட்டாலே வளையும். ஆகவே பொம்மையின் கையைத் துளைத்து எஃகுக் கம்பியைச் செருகி, நுனியைச் சுத்தியலால் தட்டி இலைபோல் தட்டையாக்குகிறார்கள். பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், மடிப்புகளில் தேங்க நீர்த்த பழுப்பு. நிறத்துக்கு ஆதாரம் இருக்கிறது: சிடோனில் 1887இல் கிடைத்த, இன்று இஸ்தான்புல்லில் உள்ள, அலெக்சாந்தரின் போரைச் செதுக்கிய கல் சவப்பெட்டியில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பொம்மைகளை அணிவகுக்கும்போதுதான் வில்லங்கம். ஆளுக்கு 3 அடி இடம், முதல் ஐந்து வரிசையின் முனைகள் மட்டுமே முன்னே நீளும், பின்னால் நிற்பவர்கள் ஈட்டியை மேலே சாய்த்துப் பிடிப்பார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். பொம்மைக்கு 16 மில்லிமீட்டர் இடம் கொடுத்து ஆறாவது வரிசையின் கம்பியைத் தாழ்த்திப் பாருங்கள். முன்னால் நிற்பவன் முதுகில் இடிக்கும், முனையோ எதிரியை எட்டாது.

புளியங்குடிக்கு வடக்கே இருக்கும் வாசுதேவநல்லூருக்கும் இந்தக் கணக்கு பொருந்துகிறது. பாளையக்காரர் புலித்தேவருக்கு அங்கிருந்த கோட்டையை 1759 டிசம்பரில் கம்பெனிப் படைத்தலைவன் யூசுப்கான் தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பினான். அக்காலப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், நெல்லைச் சீமைப் பாளையத்து ஈட்டிக்காரர்களை வர்ணிக்கிறார்: அதே 18 அடி ஈட்டி, முனைக்குக் கீழே சிவப்புக் குதிரைமயிர்க் குஞ்சம், குதிரைப்படையை எதிர்க்கும்போது ஒரு சிறுமணி, நெருக்கியடித்த ஆழமான அணி, முன்னோக்கி, ஆனால் உயரச் சாய்ந்த ஈட்டிகள். ஓர்ம் களத்தில் நின்று பார்த்தவர் அல்ல, கேள்விப்பட்டதை அழகுபடுத்தியிருக்கலாம் என்று மறுக்கலாம். அவர்களுக்கு முன்பயிற்சியே கிடையாது என்றும் அவரே சொல்வது சந்தேகத்தைக் கூட்டும். அலெக்சாந்தரின் தந்தை பிலிப்பு மன்னன் வருடக்கணக்கில் பழக்கியதை இவர்கள் பழகாமலே செய்தார்களா? பொம்மையை வைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்கிறது. ஐந்து வரிசை ஒரே நேரத்தில் ஈட்டியைத் தாழ்த்தத்தான் கடும் பயிற்சி வேண்டும். எல்லாரும் உயர்த்திப் பிடித்தபடி நெருங்கி நடந்தால் யாருடைய கம்பியும் யாரையும் இடிக்காது. வர்ணனை கற்பனையாகவே இருந்தாலும், நடக்கக்கூடிய கற்பனை.

யார் வெல்வார் என்பதைப் பொம்மை சொல்லாது. புழுதியும் பயமும் மேசைக்கு வருவதில்லை. இந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை, விளையாட்டு விதியில் எழுதிவிடலாம். எதிரே குதிரைவீரன் பொம்மையை நிறுத்தினால், உயர்ந்த முனைகள் அவன் தலைக்கும் மேலே போய்விடுவது தெரியும். அப்படியானால் ஈட்டிகளின் ஆட்டமும் முனைகளின் மின்னலும் மணியோசையும் குத்துவதற்கு முன்பே குதிரையை மிரட்டத்தான். 1/56 அளவில் அந்த மணி குண்டூசித் தலையைவிடச் சிறியது, செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, மோதுமுன் குதிரைப்படைக்காரர் தாயக்கட்டையை ஒருமுறை கூடுதலாக உருட்ட வேண்டும். குறைந்த எண் விழுந்தால் குதிரைகள் திரும்பி ஓடும்.