கடலுக்குள்ளும் தீவு இருக்கு, தெரியுமா?

எங்கள் வாட்ஸாப் குழுவின் பெயர் 'தீவு'. நாலு பேர், நாலு வருஷமாக அந்தமான் போய்க்கொண்டிருக்கிறோம். அதாவது, போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தனுக்கு லீவு கிடைத்தால் இன்னொருத்தன் வீட்டில் கல்யாணம். லட்சத்தீவு என்றால் பெர்மிட். கடைசியில் ஒரு நாள் ராத்திரி ஒருத்தன் எழுதினான்: "மக்கா, கேரளாவுல விழிஞ்ஞம் போலாம்லா? அங்கயும் ஸ்கூபா படிச்சுக் குடுக்காவ. நாகர்கோயில்ல இருந்து ரெண்டே மணிக்கூர்." நான் கேட்டேன்: "அங்க ஏதுல தீவு?"

அதற்குப் பதில் கிடைக்க நான் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்த டைவிங்குக்குத் தமிழில் என்ன சொல் தெரியுமா?

குளித்தல்!

ஆமாம், காலையில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறோமே, அதே சொல்தான். முத்துக்குளித்தல், சங்கு குளித்தல் என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே, அந்தக் 'குளி'க்கு மூழ்கு என்று பொருள் என்பதை மறந்துவிட்டோம். மன்னார் வளைகுடாவில் குளிகாரர் காலில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மூச்சு ஒன்று, நேரம் ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுத்தால்தான் உயிர். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பார்கள்? மச்சானிடம்! தங்கையின் தாலி கடலுக்குள் இருக்கும்போது எந்த மச்சான் கயிற்றை விடுவான் என்று தூத்துக்குடிப் பக்கம் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு இது. இன்றைய ஸ்கூபா வகுப்பில் 'பட்டி' என்று ஒரு துணையாளைச் சேர்த்துவிடுகிறார்கள். தனியாகக் கடலுக்குள் போகக் கூடாது, ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் பொறுப்பு. எனக்குப் பட்டியாக வாய்த்தவன் பஸ் டிக்கெட்டையே தொலைத்தவன். மச்சான் முறைதான் தேவலை என்று தோன்றியது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ எழுதியது தெரியுமா? சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரக்காரர்களை அழைத்துப்போவார்களாம். கூலி, எடுக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு! தமிழில் அவர்களுக்குப் பெயர் கடல்கட்டி. நாங்கள் பாடம் தொடங்குமுன் நாலு பக்கத்துக்கு உடல்நலப் படிவமும் பொறுப்புத்துறப்புப் பத்திரமும் கையெழுத்துப் போட்டோம். கடல்கட்டியின் வேலையை இப்போது காகிதம் பார்க்கிறது.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அதற்குப் 18 வருஷம் முன்பே, 1943இல், பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து 'அக்வாலங்' என்ற கருவியைச் செய்துவிட்டார்கள். இழுத்தால் காற்று தரும், இழுக்காவிட்டால் தராது. அவ்வளவுதான் அதன் சூட்சுமம். நாங்கள் வாயில் கவ்விக்கொண்ட ரெகுலேட்டர் அதன் பேரப்பிள்ளை.

முதுகில் இருப்பது ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! பத்திரிகைக்காரர்கள் எத்தனை தடவை அப்படி எழுதினாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான். சுத்த ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம்! 12 லிட்டர் டேங்கில் 200 மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்றைத் திணித்திருக்கிறார்கள். அந்தக் காற்றின் எடை என்ன தெரியுமா? கிட்டத்தட்ட 3 கிலோ. வெறுங்காற்று! ஒரு கோழியின் கனம்! மூச்சு விட விட டேங்க் லேசாகி, கடைசியில் நம்மை மேலே தூக்கப் பார்க்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டியைச் சேர்த்தே கட்டிவிடுகிறார்கள்.

முதல் வகுப்பின் முதல் விதி கேட்டு நான் விக்கித்துப்போனேன். மூச்சை அடக்கவே கூடாது! குளிகாரரின் மொத்த வித்தையும் மூச்சை அடக்குவதுதானே? காரணம் இதுதான்: அவர் கொண்டுபோனது நீருக்கு மேலே இழுத்த காற்று. ஆழத்தில் அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே திரும்பும். நாம் 10 மீட்டர் ஆழத்தில் டேங்கிலிருந்து இழுப்பதோ இரண்டு மடங்கு அழுத்தத்தில் உள்ள காற்று. அதை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரலுக்குள் அது இரண்டு மடங்காகப் பெருகும். நுரையீரல் தாங்காது. அதே கடல், அதே மூச்சு, விதி மட்டும் தலைகீழ்!

சைகையும் தலைகீழ்தான். கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எங்களில் ஒருவன் ஒரு மீனைப் பார்த்த மகிழ்ச்சியில் கட்டைவிரலைக் காட்ட, பயிற்சியாளர் எங்கள் நாலு பேரையும் பொறுப்பாக மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். படகில் அவனுக்குக் கிடைத்த வசவை அச்சிட முடியாது.

அவனே ஆசையாக ஒரு சிவப்பு பனியன் வாங்கி வந்திருந்தான், போட்டோவில் பளிச்சென்று தெரிய. தண்ணீர் முதலில் குடித்துவிடும் நிறம் எது தெரியுமா? சிவப்பு! 5 மீட்டர் இறங்குவதற்குள் மங்கத் தொடங்கி, 10 மீட்டரில் அது சேற்றுப் பழுப்பு. ஆழத்தில் விரல் அறுந்தால் ரத்தம்கூடப் பச்சையாகத் தெரியுமாம். கண்ணாடி மாஸ்க் வழியே பார்ப்பது எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். ஆகவே ஸ்கூபா போய்வந்தவர் கையை விரித்து மீன் அளவு காட்டினால் நாலில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். சத்தம் தண்ணீரில் நாலு மடங்குக்குமேல் வேகமாக ஓடுவதால் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்துவிடும். திசை தெரியாது! தூரத்துப் படகின் மோட்டார் தலைக்குள்ளேயே ஓடுவதுபோல் கேட்டது.

சரி, தீவு.

மூன்றாம் நாள் காலை எங்களைப் படகில் கொண்டுபோனவர் உள்ளூர்க்காரர். பேச்சு பாதி மலையாளம், பாதி தமிழ். கையில் ஜி.பி.எஸ். இருந்தும் அவர் அதைப் பார்த்ததைவிடக் கரையைப் பார்த்ததுதான் அதிகம். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை, ஒரு கோவில் கோபுரமோ பள்ளிக் கட்டடமோ குன்றோ, ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் வரும்படி படகை நகர்த்துவது. அப்புறம் வேறு திசையில் இன்னும் இரண்டு. இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் தேடுகிற இடம்! விழிஞ்ஞத்தில் இதைக் கணிச்சம் என்கிறார்கள். செயற்கைக்கோள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து, தண்ணீரில் எழுதாமல் நினைவில் எழுதிய வரைபடம்.

தேடியது எதை? பாரை! மணல் படுகையிலிருந்து எழும்பி, நீர்மட்டத்தைத் தொடாமலேயே நின்றுவிடுகிற பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். நம் தூத்துக்குடி முத்துகளெல்லாம் விளைந்ததும் பாரில்தானே! தொல்லாயிரம் பார் என்று ஒன்று அங்கே இருக்கிறது. இங்கேயும் அதே சொல். தமிழும் மலையாளமும் கரையில் எல்லை பிரித்துக்கொண்டன, கடலடியில் பிரித்துக்கொள்ளவில்லை. இந்தப் பார்களைப் பற்றி மீனவர்கள் மனத்தில் வைத்திருக்கும் அறிவை ராபர்ட் பனிப்பிள்ளை போன்ற கடல் ஆய்வாளர்கள் பல வருஷம் அலைந்து தொகுத்திருக்கிறார்கள்.

12 மீட்டர் இறங்கினோம். முதலில் ஒரே பச்சை மங்கல். அப்புறம் கீழிருந்து ஒரு நிழல் எழுந்து வந்தது. மலை! உச்சி, சரிவு, பள்ளத்தாக்கு, அதில் மேயும் கிளிமீன் கூட்டம், குகை வாயிலில் காவல்காரர் மாதிரி ஒரு களவா மீன். சுற்றிலும் வெறும் மணல், நடுவில் இவ்வளவு குடித்தனம். இதற்குப் பெயர் தீவு இல்லையென்றால் வேறு எதற்கு?

ஒரு பொந்தில் அஞ்சாலை மீன். பாம்பு மாதிரி தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பயமுறுத்துகிறது என்று நினைத்து நான் பின்வாங்கிய வேகத்தில் டேங்க் பாறையில் இடித்தது. அது மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்ததாம்! ஆனால் பயந்ததில் தப்பில்லை: அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு ஜோடித் தாடை இருக்கிறது, தெரியுமா? முன்தாடை கவ்வியதும் பின்தாடை பாய்ந்து வந்து இரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது இப்படி வேலை செய்வதை விஞ்ஞானிகள் விளக்கியதே 2007இல்தான்.

இப்போது என்னை மிகவும் உலுக்கிய கணக்கு ஒன்று. ஓபன் வாட்டர் சான்றிதழ் வாங்கிய புதுமுகம் எவ்வளவு ஆழம் போகலாம்? 18 மீட்டர். விழிஞ்ஞத்தில் கரையிலிருந்து ஒரு கடல்மைலுக்குள்ளேயே இயற்கையாகக் கிடைக்கிற ஆழம் எவ்வளவு? 18 முதல் 20 மீட்டர்! தோண்டாமல் கிடைத்த இந்த ஆழத்துக்காகவும், சர்வதேசக் கப்பல் பாதை பத்தே கடல்மைலில் இருப்பதற்காகவும்தான் அங்கே துறைமுகம் கட்டினார்கள். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பல் 'சான் பெர்னாண்டோ' வந்தது. 2025 மே 2இல் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வந்தது 'எம்.எஸ்.சி. ஐரினா': நீளம் ஏறக்குறைய 400 மீட்டர், கொள்ளளவு 24,346 சரக்குப் பெட்டிகள்! முழுச்சுமை ஏற்றினால் இப்படிப்பட்ட கப்பலின் அடிவயிறு 16 மீட்டருக்குமேல் தண்ணீரில் இறங்கும். மூன்று நாள் பாடம் படித்த ஆள் தொடக்கூடிய ஆழமும் உலகின் மிகப் பெரிய சரக்குப்பெட்டிக் கப்பல்களில் ஒன்றுக்குத் தேவையான ஆழமும் ஏறக்குறைய ஒன்றே! படகிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் கிரேன்கள் ஒட்டகச்சிவிங்கிக் கூட்டம்போல் நிற்கின்றன.

எல்லாருக்கும் இது வியப்பு மட்டும் அல்ல. 2022இல் இங்கே மீனவர்கள் நூறு நாளுக்குமேல் போராடினார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது, பார் மூடுகிறது என்பது அவர்கள் குறை. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எல்சா 3' என்ற கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. ஆட்கள் 24 பேரும் பிழைத்தார்கள். பெட்டிகளிலிருந்த பிளாஸ்டிக் மணிகளோ திருவனந்தபுரம் கரையெங்கும் ஒதுங்கின. எங்கள் படகுக்காரர் துறைமுகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிரேன் மறைத்துவிட்ட பழைய அடையாளம் ஒன்றைக் காட்டி, "இப்ப வேற கணிச்சம் வேணும்" என்றார்.

இன்னும் கேளுங்கள்! விழிஞ்ஞத்தில் ஒரு கட்டடம் மூச்சு விட்டது, தெரியுமா? 1991இல் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் அலை மின்நிலையம் அது. அலை ஏறினால் உள்ளேயிருக்கும் காற்று வெளியே பீறிடும், அலை இறங்கினால் காற்று உள்ளே பாயும். காற்று எந்தப் பக்கம் ஓடினாலும் டர்பைன் மட்டும் ஒரே திசையில் சுற்றும். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு... ரெகுலேட்டரைக் கவ்விய நாங்களேதான்! பிற்பாடு அதே அலைச் சக்தியில் கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். இன்று அது ஓடவில்லை.

கோவளம் கலங்கரை விளக்கம் என்று எல்லாரும் செல்ஃபி எடுக்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரத்தின் பெயர் உண்மையில் விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம், தெரியுமா? 1972இல் ஏற்றியது. ஆய் மன்னர்களின் கோட்டை இருந்த ஊர் விழிஞ்ஞம். பாண்டியர், சோழர் எல்லாரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். கடலையே அகழியாகக் கொண்ட ஊர் என்று சோழர்களின் திருவாலங்காட்டுச் செப்பேடு வியக்கிறது. பேருந்து நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளி 8ஆம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று, உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் செதுக்க ஆரம்பித்து முடிக்காமலே விட்ட சிவன்கள். எதிரி வந்தானா, கூலி வரவில்லையா, யார் கண்டது?

கடைசி டைவ் முடிந்து வரும்போது, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் சும்மா தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற. அந்த மூன்று நிமிஷத்தில் எங்களைத் தாண்டி ஒரு நிழல் கீழே பாய்ந்தது. மனிதன்! டேங்க் இல்லை, ரெகுலேட்டர் இல்லை. ஒரு மாஸ்க், இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கொத்திக் கொத்திப் பையில் போட்டுவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்து மேலே போய்விட்டார். அவர் எடுத்த பழுப்புச் சிப்பிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'பெர்னா இண்டிகா'. 1976இல்தான் அந்தப் பெயர் வைத்தார்கள். இங்கே அதை அதற்கு முன்பே எத்தனை தலைமுறை தின்று தீர்த்திருக்கும்!

சாயங்காலம் பொன்முடி போவதாகத் திட்டம். 1,100 மீட்டர் உயரம், குளிர், கட்டன் சாயா. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். டைவ் முடிந்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது, மலையும் ஏறக் கூடாதாம், தெரியுமா? மேலே காற்றழுத்தம் குறைந்தால் மிச்ச நைட்ரஜன் சோடா பாட்டில் திறந்த மாதிரி ரத்தத்தில் குமிழ் விடுமாம். அறைக்குக் கொடுத்த முன்பணம் போச்சு.

சந்தைப் பக்கம் நடந்தோம். சற்றுமுன் எங்களைத் தாண்டிப் போனவர் சிப்பியைக் குவித்து வைத்து விலை சொல்லிக்கொண்டிருந்தார். தெரிந்த முகம் என்பதால் விலையைக் குறைப்பார் என்று என் பட்டி பேரம் பேசிப் பார்த்தான். பலிக்கவில்லை. தேங்காயும் குருமிளகும் போட்டு வறுத்துத் தந்த கடையில் இரண்டு தட்டு கேட்டோம். பிறகு இன்னும் இரண்டு.