ஏழு ஆட்டத்தில் எடைபோடலாமா?

2010 ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல் ஏழு ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. 2025 தொடரிலும் முதல் ஏழு ஆட்டங்களில் அதே இரண்டு வெற்றிதான். முதல் முறை அந்த அணி கோப்பையைத் தூக்கியது. இரண்டாம் முறை பத்து அணிகளில் கடைசி இடம் பிடித்தது. லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள் என்பதால் ஏழாவது ஆட்டம் சரிபாதி. எதிர்பாராமல் மின்னியவர்கள் யார், எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியவர்கள் யார் என்று விளையாட்டுப் பக்கங்கள் பட்டியல் போடும் நேரமும் அதுதான். அந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இந்த இரண்டு சீசன்களே போதிய சான்று.

2010 மார்ச் கடைசியில் சென்னை அணி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்தது. அவற்றில் ஒன்று, சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணியிடம் சூப்பர் ஓவர் வரை போய்க் கைநழுவிய ஆட்டம். அப்போது புதுமுகமாக இருந்த அஸ்வின் சில ஆட்டங்களுக்கு அணியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு காற்று திசை மாறியது. ஏப்ரல் 3 அன்று ராஜஸ்தானுக்கு எதிராக அதே சேப்பாக்கத்தில் முரளி விஜய் 56 பந்துகளில் 127 ரன் குவித்தார். அணி 246 ரன் எடுத்தது. பாதியில் வந்து சேர்ந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டக் பொலிஞ்சர் 8 ஆட்டங்களில் 12 விக்கெட் எடுத்தார். அப்படியும் அரையிறுதிக்குப் போக ஏப்ரல் 18 அன்று தரம்சாலாவில் வென்றே ஆக வேண்டிய நிலை. இலக்கு 193. கடைசி ஓவரில் 16 ரன் தேவை. இர்ஃபான் பதான் வீசிய அந்த ஓவரில் தோனி ஒரு பவுண்டரி, இரண்டு ரன், அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர் என்று நான்கே பந்துகளில் முடித்துவிட்டார். உணர்ச்சியை வெளிக்காட்டாதவர் என்று பெயர் பெற்ற அவர், வெற்றி ரன்னை அடித்ததும் தன் ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 25 அன்று, மும்பையை 22 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி சென்னை முதல் கோப்பையை வென்றது. பாதியில் வெளியே உட்கார்ந்த அஸ்வின் அந்தத் தொடரை 13 விக்கெட்டுகளுடன் முடித்தார். ஜூன் மாதமே இந்திய அணியில் அறிமுகமானார்.

லீக் சுற்றில் சென்னையின் கணக்கு 7 வெற்றி, 7 தோல்வி. ரன் விகிதம் கைகொடுக்காமல் போயிருந்தால் அந்த அணி வீட்டுக்குப் போயிருக்கும். விஜயும் அஸ்வினும் 'ஏமாற்றிய அணியின் வீரர்கள்' என்றே நினைவில் நின்றிருப்பார்கள். இவ்வளவு மெல்லிய கோடுதான் வெற்றிக்கும் ஏமாற்றத்துக்கும் நடுவே.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு பந்துவீச்சாளர் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 4 ஓவர் வீசலாம். ஏழு ஆட்டம் என்றால் 28 ஓவர். டெஸ்ட் போட்டியில் ஒரே இன்னிங்ஸில் ஒரு சுழற்பந்து வீச்சாளர் இதைவிட அதிகம் வீசிவிடுவதுண்டு. நடுவரிசை மட்டையாளரின் நிலை இன்னும் மோசம்; ஓர் ஆட்டத்தில் பத்துப் பந்து கிடைத்தாலே பெரிது. இரண்டு கேட்ச் தவறவிடப்பட்டால் ஒருவர் நாயகன் ஆகிவிடுவார். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து இரண்டு முறை ஸ்டம்பைச் சாய்த்தால் இன்னொருவர் ஃபார்ம் இழந்தவர் ஆகிவிடுவார்.

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். நிரந்தர இடம் பெற்ற ஒருவர் ஒரு சீசனில் சுமார் 600 முறை மட்டை பிடிப்பார். அங்கேகூடத் தொடக்கக் கணிப்புகள் சறுக்குகின்றன. 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் 31-ல் தோற்றது. சாம்பியனைத் தீர்மானிக்கும் அந்த ஆண்டின் உலகத் தொடரை வென்றதும் அதே அணிதான்.

இந்த விஷயத்தைப் புள்ளியியல் அறிஞர்களான பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் 1977-ல் அழகாக நிறுவிக் காட்டினார்கள். 1970 சீசனில் தலா 45 முறை மட்டை பிடித்திருந்த 18 வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட்டோ கிளெமென்ட்டே 45-ல் 18 முறை வெற்றிகரமாக அடித்து, 40 சதவீதத்துடன் உச்சத்தில் இருந்தார். மேக்ஸ் ஆல்விஸ் 45-ல் 7 மட்டுமே அடித்து, சுமார் 16 சதவீதத்துடன் கடைசியில் இருந்தார். மீதிச் சீசனில் கிளெமென்ட்டே 34.6 சதவீதத்துக்கு இறங்கினார். ஆல்விஸ் 20 சதவீதத்துக்கு ஏறினார். உச்சியில் இருப்பவரைக் கொஞ்சம் இறக்கியும் அடியில் இருப்பவரைக் கொஞ்சம் ஏற்றியும் கணித்தால், அவரவர் எண்ணை அப்படியே நம்புவதைவிடப் பிழை மூன்று மடங்குக்கு மேல் குறைந்தது. கிளெமென்ட்டே திறமை குறைந்தவர் ஆகிவிடவில்லை. மீதிச் சீசனிலும் அவர் சிறந்த வீரராகவே இருந்தார். முதல் 45 வாய்ப்புகளில் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இந்த உண்மை புதிதல்ல. அங்கே தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்றொரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள், ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் கூடுதலாகக் கிடைக்கலாம். இன்னோர் இடத்தில் வலை வெறுமையாக வரலாம். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். ஒரு நாள் பிடியை வைத்து வலைக்காரரின் கைத்திறனை அளக்க முடியாது. எந்த இடத்தில் வலை கட்டினார் என்று பார்க்க வேண்டும், பல முறை சுற்றி வந்த பிறகு பார்க்க வேண்டும். ஐபிஎல்லிலும் அப்படித்தான். சுழலுக்கு உதவும் ஆடுகளத்தில் நடு ஓவர்களை வீசியவரையும், சிறிய மைதானத்தில் கடைசி ஓவர்களை வீசியவரையும் பாதிச் சீசனில் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமே இல்லை. பாடு முறையில் இடம் சுழன்று வந்து சமன் செய்துவிடும். ஐபிஎல்லில் கடைசி ஓவர்காரருக்குக் கடைசி ஓவர்தான் வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் பாதிச் சீசன் ஆச்சரியம் எல்லாமே அதிர்ஷ்டம்தானா? இல்லை. பல நல்ல வீரர்கள் வெளிச்சத்துக்கு வந்ததே யாரோ ஒருவர் காயப்பட்டபோதுதான். 2017-ல் காயத்தால் விலகிய அஸ்வினுக்கு மாற்றாக, 17 வயது வாஷிங்டன் சுந்தரை ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட் சேர்த்துக்கொண்டது. முதல் தகுதிச் சுற்றில் மும்பையின் மூன்று விக்கெட்டுகளை 16 ரன்னுக்குச் சாய்த்து அவர் ஆட்ட நாயகன் ஆனார். 2022-ல் அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு குஜராத் எடுத்த சாய் சுதர்சனுக்கும் வாய்ப்பு எளிதாகக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஐந்தே ஆட்டங்கள், அடுத்த ஆண்டு எட்டே ஆட்டங்கள். ஆனால் 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன். 2025-ல் 759 ரன்னுடன், அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி. இவர்கள் இருவரும் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். சென்னை லீக் ஆட்டங்களிலும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் (டிஎன்பிஎல்) ஆடி வந்தவர்கள். பின்னால் இப்படி ஓர் அடித்தளம் இருந்தால் ஆச்சரியம் நிலைக்க வாய்ப்பு அதிகம்.

நிலைக்காததற்கும் சான்று உண்டு. 2011-ல் பஞ்சாபின் பால் வல்தாட்டி சென்னைக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 120 ரன் விளாசினார். அந்த சீசனில் 463 ரன் எடுத்தார். மணிக்கட்டுக் காயம் பிறகு அவரை வாட்டியது. 2013-க்குப் பிறகு அவர் ஐபிஎல்லில் ஆடவில்லை.

ஏமாற்றம் என்ற பட்டியல் இதைவிடக் கொடுமையானது. அது வீரரின் விலையை வைத்தே எழுதப்படுகிறது. 2025-ல் ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு எடுத்தது. முதல் 13 ஆட்டங்களில் அவர் எடுத்தது மொத்தம் 151 ரன். கடைசி லீக் ஆட்டத்தில் மட்டும் ஆட்டமிழக்காமல் 118. ஏல மேடையில் அணிகள் போட்டி போட்டு உயர்த்திய தொகைக்கு வீரர் பொறுப்பல்ல. ஆனால் ஒவ்வொரு முறை ஆட்டமிழக்கும்போதும் அந்தத் தொகைதான் அவர் முகத்தில் எறியப்படுகிறது.

வெறும் எண்ணிக்கைப் போதாமையால் வந்த ஏமாற்றத்துக்கு ருதுராஜ் கெய்க்வாட் நல்ல உதாரணம். 2020-ல் அவரது முதல் மூன்று ஸ்கோர்கள் 0, 5, 0. அடுத்த மூன்றும் அரைசதங்கள். 2021 சீசனை 5, 5, 10 என்று தொடங்கினார். 635 ரன்னுடன் முடித்தார், சென்னை கோப்பையும் வென்றது. அந்த சீசனில் பொறுத்திருந்ததைத் தவிர அணி பெரிதாக எதையும் மாற்றவில்லை.

உடல் ஒத்துழைக்காத ஏமாற்றம் வேறு வகை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் 2017-ல் 3 கோடிக்குப் போய் ஆறு ஆட்டங்களில் 2 விக்கெட் மட்டுமே எடுத்தார். அடுத்த இரண்டு சீசன்கள் ஹைதராபாத் அணியில் வெளியே உட்கார்ந்தார். 2020-ல் யார்க்கர்களை மழையாகப் பொழிந்து 16 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா சென்ற ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2021-ல் இரண்டே ஆட்டங்களுடன் முழங்கால் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டின் அவரது எண்களை வைத்து அவரது பந்துவீச்சைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது.

மூன்றாவது வகைதான் உண்மையான சரிவு. மட்டையாளர்கள் ஒருவரின் பந்தைப் படித்துவிடும்போது வருவது. கட்டடக்கலை படித்த வருண் சக்கரவர்த்தி 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணிக்கு ஆடிப் புகழ் பெற்று, பஞ்சாபுக்கு 8.4 கோடிக்குப் போனார். 2019-ல் முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. காயத்தால் அந்த ஓர் ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. கொல்கத்தாவுக்காக 2020-ல் 17 விக்கெட், 2021-ல் 18 விக்கெட். 2022-ல் 11 ஆட்டங்களில் 6 விக்கெட் மட்டுமே. இந்திய அணியிலும் இடம் போயிருந்தது. இதை அவர் கெட்ட நேரம் என்று விட்டுவிடவில்லை. பக்கவாட்டில் சுழற்றும் தன் பாணியைக் கைவிட்டு, பந்தை முன்னோக்கிச் சுழற்றும் முறைக்கு மாறினார். 2023-ல் 20 விக்கெட், 2024-ல் 21 விக்கெட், கொல்கத்தாவுக்குக் கோப்பை.

அடுத்த முறை இத்தகைய பட்டியலைப் பார்க்கும் ரசிகர்கள் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். அந்த வீரர் எத்தனை பந்து ஆடியிருக்கிறார் அல்லது வீசியிருக்கிறார்? அவர் ஆட்டத்தில் உண்மையில் மாறியது என்ன? வருண் விஷயத்தில் மாறியது என்ன என்று தெளிவாகச் சொல்ல முடிந்தது. 2025 மார்ச் 2 அன்று துபாயில் சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து அவர் 5 விக்கெட் வீழ்த்தினார். 33 வயதில் அது அவரது இரண்டாவது ஒருநாள் போட்டி.