இதயச் செல்களின் பிடிமானம்

திருவரங்கத்தில் சித்திரைத் தேருக்கு வடம் பிடித்தவர்கள் அறிவார்கள்: எத்தனை பேர் திரண்டாலும், கைகள் வடத்தை வழுவாமல் பற்றியிருந்தால்தான் தேர் நகரும். இதயத் தசையும் ஏறத்தாழ அப்படித்தான் இயங்குகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரியும் அத்தசையில், செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டே இழுக்கின்றன. அந்தப் பிடிமானத்தைத் தருபவை ஒட்டுப் புரதங்கள். இவை கூடி அமைக்கும் இணைப்புக்கு டெஸ்மோசோம் என்று பெயர். பிளாக்கோகுளோபின், டெஸ்மோபிளாக்கின், பிளாக்கோஃபிலின் ஆகியவை அதன் முக்கியக் கூறுகள்.

இவற்றுள் ஒன்றுக்கான மரபணுவில் பிழை இருப்பின், பிறந்த குழந்தையின் இதயத்தில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபட்ட பின்னரே செல்கள் மெல்ல விலகி மடிகின்றன. அவ்விடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. அவற்றால் சுருங்க இயலாது. மின்துடிப்பைச் சீராகக் கடத்தவும் இயலாது. ஆகவே இதயம் வலுவிழப்பதற்கு முன்பே துடிப்பு தடுமாறக்கூடும். மருத்துவச் சீட்டில் 'அரித்மோஜெனிக் கார்டியோமையோபதி' என்று எழுதப்படுவது இந்நோயே. கடும் உடற்பயிற்சி இதனை விரைவுபடுத்துகிறது.

தோலையும் முடியையும் உறுதியாக வைத்திருப்பவையும் இதே இணைப்புகளே. கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் சில குடும்பங்களில் பிறவியிலேயே கம்பளி போன்ற சுருள் முடி, குழந்தைப் பருவத்திலேயே தடித்த உள்ளங்கை உள்ளங்கால், பின்னர் இதயநோய் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதை 1986இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். பிளாக்கோகுளோபின் மரபணுவின் பிழையே காரணம் என்பது 2000இல் தெளிவாயிற்று. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையையோ, சாதாரணச் சுருள் முடியையோ, பித்தவெடிப்பையோ கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சிறு குழந்தையிடம் அவ்விரு அடையாளங்களும் சேர்ந்து காணப்பட்டால், தோல் மருத்துவரோடு நிறுத்தாமல் ஒரு ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிடுங்கள்.

நாக்சோஸ் நோய் வருவதற்குத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்து சேர வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் நம் வழக்கத்தில் அவ்வாய்ப்பு கூடுகிறது. பெற்றோர் இருவரும் அப்பிழையைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பரவலாகக் காணப்படும் பிற வகைகளுக்கு ஒருவரிடமிருந்து வரும் பிழையே போதும்; அங்கு அது கடந்துவரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மருமகளைக் குறை கூறும் வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம்: பிழை எவரிடமிருந்தும் வந்திருக்கலாம், அது எவருடைய குற்றமும் அன்று.

மயக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நெடுநேரம் நின்று தலைசுற்றி விழுவது பெரும்பாலும் ஆபத்தற்றது. ஓடும்போதோ, விளையாடும்போதோ, படபடப்புடனோ மயங்கி விழுந்தால் அதனை வெயில் என்றும் பசி என்றும் ஒதுக்கிவிடாதீர்கள். இளவயதில் திடீரென இறந்த உறவினர் குடும்பத்தில் இருந்தால், தாமதம் கூடவே கூடாது.

விலகிய செல்களை மீண்டும் ஒட்டவைக்கும் மருந்து இன்று வழக்கத்தில் இல்லை. எனினும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள், போட்டி விளையாட்டுகளைத் தவிர்த்தல், தேவைப்படுவோருக்கு ஆபத்தான துடிப்பை உணர்ந்து திருத்தும் ஐசிடி கருவி ஆகியவற்றால் உயிரைக் காக்க இயலும். ஒருவருக்கு நோய் உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் பரிசோதனை வேண்டும். ஒருமுறை இயல்பாக வந்த அறிக்கை வாழ்நாள் முழுமைக்கும் உறுதியளிப்பதன்று. மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் வாருங்கள். வரும்போது பழைய ஈசிஜி தாள்களையும், குடும்பத்தில் யார் எந்த வயதில் எப்படி இறந்தனர் என்ற குறிப்பையும் கொண்டுவாருங்கள்.