தையல் குறையக் காப்புக் கூடும்

ஒருமுறை அணிந்து கழிக்கும் பாதுகாப்பு அங்கியை எளிதாகத் தைப்பதும், அதை உறுதியானதாக ஆக்குவதும் ஒரே வேலைதான். அந்த வேலைக்கு வேண்டிய கைகள் இலங்கையின் வன்னியில் இருக்கின்றன.

ஆடைத் தொழிற்சாலையில் ஓடும் சாதாரண ஊசியின் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கொரோனா வைரசின் பருமன் அதில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு. இரத்தமும் சளியும் தெறிக்கும் விடுதியில் ஒரு தாதி அணிந்து நிற்கும் முழுவுடல் அங்கி எவ்வளவு உயர்ந்த துணியால் ஆனதாக இருந்தாலும், ஊசி ஏறி இறங்கிய இடமெல்லாம் துளைதான். பாதுகாப்பு அங்கியைப் பற்றிப் பேசும்போது நாம் துணியையே பேசுகிறோம். அங்கி தோற்கும் இடங்களோ பெரும்பாலும் தையல், சிப், கழுத்து, மணிக்கட்டு ஆகியவைதான்.

2020 மார்ச் 20 இல் இலங்கை ஊரடங்குக்குள் போனது. வெளிநாட்டு வாங்குநர்கள் ஓடர்களை நிறுத்த, எம்ஏஎஸ், பிராண்டிக்ஸ் போன்ற பெரிய ஆடை நிறுவனங்கள் முகக்கவசம், மேலங்கி, முழுவுடல் அங்கி என்று திரும்பின. அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் வெடித்த கொத்தணி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைத் தொட்டது. நாட்டுக்குக் காப்பு தைக்கும் துறையே காப்பில்லாமல் நின்றது.

வன்னிக்கும் இந்தத் துறை புதிதல்ல. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கிளிநொச்சியில் எம்ஏஎஸ் குழுமத்தின் விடியல், வானவில் ஆலைகள் வந்தன. வவுனியாவில் இத்தாலியின் கால்சிடோனியா குழுமத்துக்குரிய ஒமேகா லைன் வந்தது. காலையில் ஏ9 வீதியில் ஓடும் தொழிற்சாலை பஸ்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அவர்கள் அன்றாடம் தைப்பது உள்ளாடையும் விளையாட்டு உடையும். இந்த விபரம் அங்கி வடிவமைப்புக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கோயம்புத்தூர் கற்றது

கொரோனா தொடங்கியபோது இந்தியாவில் மருத்துவத் தரத்தில் முழுவுடல் அங்கி செய்வோர் ஏறக்குறைய இல்லை. 2020 மே மாத நடுப்பகுதியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை இலட்சம் அங்கிகள் தயாராகின. இதன் நடுவே நின்றது கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா. 1956 இல் தொடங்கிய நிறுவனம் அது. துணியின் மீது செயற்கை இரத்தத்தை அழுத்தத்தோடு செலுத்தி, மறுபக்கம் கசிகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 16603 சோதனையை அந்த அங்கிகளுக்கு அங்கேதான் முதலில் செய்தார்கள். அழுத்தம் படிப்படியாக 20 கிலோபாஸ்கல் வரை ஏறும். இந்திய சுகாதார அமைச்சு கேட்டது மூன்றாம் வகுப்பு, அதாவது 3.5 கிலோபாஸ்கலில் கசியாத தாங்குதிறன்.

துணி தேறுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. நெய்யாத பொலிபுரொப்பிலீன் துணியின் மேல் மெல்லிய படலம் ஒட்டிய பொருள் அந்த அழுத்தத்தைத் தாங்கும். சிக்கல் தையலில் வந்தது. ஒவ்வொரு தையலின் மேலும் சூடான காற்றால் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்ட வேண்டும். அதற்குரிய இயந்திரம் சாதாரணத் தையல் கூடங்களில் கிடையாது. நாடாவும் அப்போது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. நூறு தையல் மெசின்கள் ஓடும் கூடத்தில் நாலைந்து நாடா மெசின்கள் இருந்தால், நாள் முடிவில் எண்ணிக்கை அந்த நாலைந்தின் வேகம்தான்.

இந்த முட்டுக்கட்டையை இரண்டு விதமாகக் கடக்கப் பார்த்தார்கள். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக உருவாக்கிய பசையை அடியாகக் கொண்டு, நாடாவுக்குப் பதிலாகத் தையலில் பூசும் பசையை 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. மும்பையின் கடற்படை மருத்துவ நிறுவகம் வேறு பக்கமிருந்து யோசித்தது. அதன் 'நவரக்ஷக்' அங்கியில் படலமும் இல்லை, நாடாவும் இல்லை. மூச்சு விடும் துணியைத் தேர்ந்தெடுத்து, சாதாரண மேலங்கி தைக்கும் கூடமே தைக்கக்கூடிய வெட்டில் அதை அமைத்தார்கள். சோதனையில் தேறிய பின் சிறு நிறுவனங்களுக்கு அதன் உரிமம் கொடுக்கப்பட்டது. முதல் வழி தையலை அடைத்தது. இரண்டாவது வழி, அடைக்க வேண்டிய தேவையையே குறைத்தது.

கழற்றும்போதுதான் ஆபத்து

அங்கியை மாட்டும்போது அது சுத்தமாக இருக்கும். கழற்றும்போது அதன் வெளிப்புறம் முழுவதும் கிருமி. 2015 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு வைத்தியசாலைகளின் பணியாளர்களுக்கு ஒளிரும் திரவம் பூசிய கையுறையையும் மேலங்கியையும் கழற்றக் கொடுத்தார்கள். 435 முறை கழற்றியதில் 46 வீதத்தில் திரவம் தோலிலோ உள்ளுடையிலோ பட்டிருந்தது. கழற்றியவர்கள் புதியவர்கள் அல்ல. தினமும் இதைச் செய்பவர்கள்.

2014 இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது இந்தப் பாடம் உயிர்விலை கேட்டது. அந்த ஆண்டு பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கூடி அங்கியை முதலிலிருந்து வரைந்தார்கள். அந்தக் குழுவில் மணப்பெண் ஆடை தைக்கும் ஒரு வடிவமைப்பாளரும் இருந்தார். சிப் முன்பக்கத்திலிருந்து முதுகுக்குப் போனது. முகத்தடுப்பு தலைமூடியோடு ஒன்றாகி அகலமானது. பின்னால் திறந்து, தலையணை உறையைப் புரட்டுவதுபோல் உட்புறம் வெளியாக முன்னோக்கி உருவிவிடலாம். இருபதளவில் இருந்த கழற்றும் படிகள் எட்டளவுக்கு இறங்கின. 2015 இல் டியூபொண்ட் நிறுவனம் அந்த வடிவமைப்பின் உரிமத்தைப் பெற்றது.

அந்தச் சிப் மாற்றத்தை ஒரு தையல்காரர் கண்ணால் பாருங்கள். முன்பக்கம், அதாவது இரத்தமும் வாந்தியும் தெறிக்கும் பக்கம், ஒரே துண்டாகிவிட்டது. சிப்பின் மேல் மூடும் மடிப்பு வேண்டாம், அதை ஒட்டும் பசைநாடா வேண்டாம். மாட்டும்போது பின்னால் நின்று இழுத்துவிட இன்னொருவர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் எபோலா விடுதியில் தனியாக அங்கி மாட்ட யாரையும் விடுவதில்லை.

2020 இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடலை அதிகம் மூடினால் காப்பு கூடும். ஆனால் மாட்டவும் கழற்றவும் கடினமாகும், அணிந்தவர் அவதிப்படுவார் என்றது. அதே தொகுப்பு இன்னொன்றும் சொன்னது: பிடித்து இழுக்கச் சிறு காது வைப்பது, மேலங்கியும் கையுறையும் ஒன்றாகக் கழல வைப்பது, கழுத்திலும் மணிக்கட்டிலும் பொருந்த வெட்டுவது போன்ற சின்ன மாற்றங்கள் மாசுபடுதலைக் குறைக்கலாம். இவற்றில் எதற்கும் புதுத் துணி வேண்டாம். வெட்டுப் படிவம், அதாவது பட்டன், வரையும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் வேலை.

பட்டன் மேசையில்

வழக்கமான முழுவுடல் அங்கியைப் பிரித்துப் போட்டால் முன் இரண்டு, பின் இரண்டு, கை இரண்டு, தலைமூடிக்கு இரண்டோ மூன்றோ துண்டுகள், அதோடு சிப், அதன் மூடி, முகத்திலும் கையிலும் காலிலும் இலாஸ்டிக். எல்லாவற்றிலும் கெட்ட இடம் கவட்டுப்பகுதி. முன் தையல், பின் தையல், இரண்டு கால்களின் உள்தையல் ஆகிய நான்கும் அங்கே ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. குந்தும்போது முதலில் கிழிவதும் அங்கேதான், நாடா சரியாக ஒட்டாததும் அங்கேதான்.

முன்னும் பின்னும் சேர்ந்த ஒரே துண்டாக உடலை வெட்டினால் விலாத் தையல் இரண்டும் போய்விடும். கையை உடலோடு சேர்த்து வெட்டினால் அக்குள் வளைவுத் தையலும் போய்விடும். வளைவில் நாடா ஒட்டுவது நேர்கோட்டில் ஒட்டுவதைவிடக் கடினம் என்பதால் இது இரட்டை இலாபம். தையல் குறைந்தால் லைனில் ஒப்பரேசன், அதாவது தைக்கும் படிகள், குறையும். ஒப்பரேசன் குறைந்தால் புதிதாக வரும் பிள்ளையைப் பழக்கும் காலமும் குறையும்.

இலவசமாக எதுவும் கிடைக்காது. பெரிய துண்டு பெரிய துணி கேட்கும். மார்க்கர் போடும்போது, அதாவது துணியில் துண்டுகளை அடுக்கிக் குறிக்கும்போது, இடையில் வெட்டுக்கழிவு கூடும். கையும் உடலும் ஒன்றானால் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது அங்கி முழுவதும் மேலே இழுபடும். அக்குளில் சின்னக் கூட்டுத்துண்டு வைத்தால் இழுபடாது, ஆனால் நான்கு தையல் திரும்பி வந்துவிடும். துணி மலிவாகவும் நாடா மெசின் அரிதாகவும் இருக்கும் காலத்தில் துணியை வீணாக்கித் தையலைக் குறைப்பதே கணக்கு. துணிக்குத் தட்டுப்பாடு வந்தால் கணக்கு மாறும். நல்ல பட்டனை இரண்டு வகையிலும் வரைந்து வைக்க வேண்டும்.

அளவும் பாதுகாப்பில் சேர்த்திதான். தாதியரில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். உயரமான ஆணின் அளவில் வந்த அங்கிக்குள் சிறிய உடல் நுழைந்தால் கால் இடறும், கைவிளிம்பு கையுறைக்குள் சுருண்டு திரளும், தலைமூடி கண்ணை மறைக்கும்.

இனி உள்ளாடைக்கு வருவோம். மார்புக்கச்சை சின்னதென்றாலும் இருபதுக்கு மேற்பட்ட பாகங்கள் சேரும் சிக்கலான உடுப்பு. தோலில் தையல் உறுத்தாமல் இருக்க, உருகும் பசைப்படலத்தை இடையில் வைத்துச் சூட்டில் அழுத்தி ஒட்டும் முறை அந்தத் துறையில் நெடுநாளாக நடக்கிறது. அங்கியின் தையலை நாடாவால் அடைப்பதும் அதே வெப்பமும் அழுத்தமும் நேரமும் சேர்ந்த வித்தைதான். இன்னொரு வழி ஒலியதிர்வு. பொலிபுரொப்பிலீன் சூட்டில் உருகும் பிளாஸ்டிக் என்பதால், செக்கனுக்கு இருபதாயிரம் தடவை அல்லது அதற்கு மேல் அதிரும் தலையால் இரு விளிம்பையும் உருக்கி இணைக்கலாம். நூலும் இல்லை, ஊசித்துளையும் இல்லை. சூடு கூடினால் விளிம்பு ஓட்டையாகும், குறைந்தால் உரிந்து வரும். அந்த நடுவைப் பிடிப்பது கைப்பழக்கம். உறுத்தாத உடுப்புக்குக் கற்ற அந்தப் பழக்கம் கசியாத உடுப்புக்கும் பொருந்தும்.

ஆபத்து எந்தப் பக்கம்?

வன்னியில் காப்புடை அணிவோர் வைத்தியசாலைக்கு வெளியேயும் இருக்கிறார்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோரை அந்த வழியாகப் போவோர் பலரும் பார்த்திருப்பார்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். 2017 டிசம்பரில் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்த பிறகும் தொடரும் வேலை அது. அவர்களுடைய கவசம் பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் மூடும் ஏப்ரன்; முதுகு திறந்தே இருக்கும். முகத்துக்கு 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலிகாபனேற்றுத் தடுப்பு. வெடியைப் பார்த்தபடி முழங்காலில் இருந்து வேலை செய்பவருக்கு ஆபத்து முன்னாலிருந்து வருகிறது. முதுகையும் மூடினால் வெயிலில் மயங்கி விழுவதே புதிய ஆபத்தாகிவிடும். எங்கே மூடக்கூடாது என்று தெரிந்த வடிவமைப்பு அது.

வயலில் மருந்து அடிப்பவருக்கு ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. தெளித்த பயிருக்குள்ளேயே நடப்பதால் தொடையும் காலும் நனையும்; முதுகில் சுமக்கும் தாங்கி ஒழுகினால் முதுகு நனையும். இவருக்கு வைத்தியசாலையின் வெள்ளை அங்கியைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் கழற்றி வரப்பில் வைத்துவிடுவார். சித்திரை, வைகாசியில் 35 பாகையைத் தாண்டும் நிலத்தில் அதை அணியச் சொல்வதே பிழை. இடுப்புக்குக் கீழும் முதுகிலும் மட்டும் படலத்துணி, மற்ற இடங்களில் காற்றுப்புகும் துணி, காலின் முன்பக்கத்தில் தையலே இல்லாத வெட்டு: இதுதான் அவருக்குரிய உடுப்பு. மருந்தடிப்போர் உடைகளுக்கென்றே ஐஎஸ்ஓ 27065 என்ற தனி நியமம் இருக்கிறது. அது மூன்று தரங்களை வகுக்கிறது. எல்லோருக்கும் உச்சத் தரம் வேண்டும் என்று அது சொல்லவில்லை.

தாதி, வெடி அகற்றுபவர், மருந்தடிப்பவர் மூவருக்கும் பொதுவான விதி ஒன்றுதான். ஆபத்து வரும் பக்கத்தில் தையல் இருக்கக்கூடாது. தையல் தவிர்க்க முடியாததானால் அது ஆபத்து வராத பக்கம் போக வேண்டும். இந்த விதிப்படி வரைந்த அங்கி தைக்கவும் இலகுவாக இருக்கும்.

கழிப்பதையும் மேசையிலேயே யோசிக்க வேண்டும். துணி, நூல், சிப், இலாஸ்டிக் என்று நாலு பொருள் கலந்ததை எரிப்பதைவிட, முடிந்தவரை பொலிபுரொப்பிலீன் ஒன்றாலேயே ஆனதை உயர்வெப்ப எரியூட்டியில் எரிப்பது நல்லது. பிவிசி கலந்தால் டயொக்சின் வரும். வெறும் குழியில் போட்டுக் கொளுத்துவது எந்த அங்கிக்கும் ஆகாது. மருந்து பட்ட உடுப்பை வீட்டுக் கிணற்றடியில் அலசுவதும் ஆகாது.

இனிச் செய்ய வேண்டியது

யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. தைக்கும் கைகளும் அதே மாவட்டத்தில் இருக்கின்றன. அணிந்து பார்த்துக் குறை சொல்லத் தாதியரும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இவர்களை ஒரு மேசையில் உட்கார வைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சிறிய, நடுத்தர, பெரிய என மூன்று அளவில் பட்டன்கள், துணி மாறினால் வெட்டு எப்படி மாறும் என்ற குறிப்பு, ஒவ்வொரு தையலுக்கும் சூடும் வேகமும் குறித்த தாள், கழற்றும் படிகளின் படம் ஆகியவை சேர்ந்தால் ஒரு கோப்பு. இந்தியா இரண்டு மாதத்தில் எழுந்து நின்றதற்கு அறுபது வருடமாக இருந்த ஒரு சோதனைக்கூடமும் காரணம். நோய் வந்த பிறகு தொடங்கினால் அந்த இரண்டு மாதமும் கிடைக்காது.

கோப்பு அலுமாரியில் தூங்கினால் கைப்பழக்கம் போய்விடும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை வயலில் இருக்கிறது. தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலபோகம் வருடந்தோறும் வரும். மருந்தடிப்பவருக்கான மலிவான அரை அங்கியை ஆண்டுக்கு ஒரு தடவை ஒரு லைன் தைத்தால் விவசாயியின் தோல் தப்பும், ஒட்டும் மெசின் துருப்பிடிக்காது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் பழகுவார்கள். வைத்தியசாலைக்கு முழு அங்கி தேவைப்படும் நாளில் அந்த லைனுக்குப் புதிதாக இருக்கப்போவது தலைமூடி போன்ற சில துண்டுகள் மட்டும்தான்.