யோசனை கூடினால் கைத்தொலைபேசிப் பாடம் உதவுமா?

ஊர் திரும்பிச் சில மாதங்கள் போன பிறகுதான் பலருக்கு நித்திரை குழம்புகிறது. கொட்டில் போட்டாயிற்று, கிணறும் இறைத்தாயிற்று. மனம் மட்டும் ஒன்றிலும் ஒட்டாது. நெஞ்சு படபடக்கும். "ஒரே யோசனை" என்று நம் சனங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது பைத்தியம் அல்ல. மிதமான மனச்சோர்வும் பதகளிப்பும் நல்ல உதவி கிடைத்தால் குறையக்கூடியவை.

இதற்குக் கணினியிலும் கைத்தொலைபேசியிலும் பாடங்கள் உண்டு. எமது நிலைமைக்குக் கிட்டியது லெபனானில் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 'படிப்படியாக' என்ற பாடத்தை அங்குள்ள சிரிய அகதிகளும் லெபனான் மக்களும் பயின்றார்கள். ஐந்து அமர்வுகள். தம்மைப் போன்ற ஒருவர் சோர்ந்துபோய், மெல்ல மீண்டு வரும் கதை படங்களுடன் வரும். பார்ப்பவரும் ஒரு சிறு வேலையைத் தெரிந்து, நாள் குறித்துச் செய்வார். ஆறுதலாக மூச்சு விடப் பழகுவார். பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர் (வைத்தியர் அல்ல) வாரத்துக்கு 15 நிமிடம் வரை அவருடன் தொடர்பு கொள்வார். 2022 இல் வெளியான முடிவுகளின்படி, பயின்றவர்களிடம் மனச்சோர்வும் பதகளிப்பும் குறைந்திருந்தன.

அந்த 15 நிமிடத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. இங்கிலாந்தில் 2015 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பாடத்தைப் பெற்றவர்களுக்குப் பெரிதும் தொழில்நுட்ப உதவியே கிடைத்தது. பலர் இடையில் விட்டுவிட்டார்கள். வழமையான வைத்தியத்தைவிட மேலதிக பயன் தெரியவில்லை.

பாடத்தின் உள்ளே இருப்பது மந்திரம் அல்ல. மனம் சோர்ந்தால் வேலையைக் குறைக்கிறோம், ஆட்களைச் சந்திக்காமல் விடுகிறோம். அதனால் சோர்வு இன்னும் கூடுகிறது. விருப்பம் வரட்டும் என்று காத்திராமல், முடிந்த சிறு வேலையிலிருந்து தொடங்குவதே வழி. இதற்குக் கணினி இல்லாவிட்டாலும் ஒரு கொப்பி போதும். "நாளை காலை பத்து மணிக்குப் பயிற்றங்கொடிக்குத் தண்ணீர்", "வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போதல்" என்று எழுதுங்கள். வாரம் ஒருமுறை நம்பிக்கையான ஒருவரிடம் காட்டிக் கதையுங்கள்.

கைத்தொலைபேசியில் பயில்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே தொலைபேசியைப் பாவித்தால், நீங்கள் எழுதியதை மற்றவர்களும் வாசிக்கலாம். கடவுச்சொல் போடுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம், நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடத்தல், இல்லாத குரல் கேட்டல் ஆகியவற்றுக்கு இப்பாடங்கள் போதாது. தாமதியாமல் ஆதார அல்லது மாவட்ட வைத்தியசாலைக்குச் சென்று மனநலப் பிரிவைக் கேளுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926; தமிழிலும் கதைக்கலாம்.