உங்களுக்குத் தெரியுமா? வெண்ணெய் திரளும் நேரம்

திருப்பூர் மாவட்டத்தில் பனியன் மட்டுமல்ல, ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் பேர் பெற்றவை. அதே மாவட்டத்தில் பாலுக்கென்றே ஒரு சாமியும் உண்டு: உடுமலைப்பேட்டையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால். மாட்டுப் பொங்கலன்று விவசாயிகள் கறந்த பாலை அபிஷேகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களையும் வைத்து வணங்குகிறார்கள். பொங்கலன்று பிறக்கும் கன்று மாலுக்கே சொந்தம் என்பது நம்பிக்கை.

வீட்டில் தயிர் கடைய விடியற்காலைதான் தோது. வெயில் ஏறினால் கொழுப்பு இளகி, திரளாமல் மோரோடு மிதக்கும். அப்போது குளிர்ந்த நீர் விடுவார்கள். மார்கழிக் குளிரில் அதுவே இறுகிக்கொள்ளும்; வெந்நீர் தெளிப்பார்கள். வெப்பமானி இல்லாமலேயே கை கண்ட கணக்கு! சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையும் விடியலில் தயிர் கடையும் ஆய்மகளைக் காட்டுகிறது. அவள் நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையாகவே கேட்டு வாங்குகிறாள். கெட்டிக்காரி.

விளக்கு வைத்த பிறகு உறைமோர்கூடக் கொடுக்காத வீடுகள் இன்றும் உண்டு, லட்சுமி போய்விடுவாளாம்.

வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 விழுக்காடுதான். மீதியில் பெரும்பங்கு நீர். உருக்கும்போது சடசடப்பது அந்த நீர்தான். சத்தம் அடங்கியதும் முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குவார்கள். நெய்யில் பொரிந்த அந்தக் கீரைக்கு வீட்டுப் பிள்ளைகளிடையே அடிதடியே நடக்கும்.